தானே மூடும் கதவும் ஒற்று விட்ட குதிரையும்

மண்டபத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சவுக்குத்தோப்புப் பாதையில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. திறப்பது நம் பாடு. மூடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். "தானே மூடும் கதவு. ஒரு முறைக்கு ஒரு பயனாளி" என்று பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எழுதி, அடியில் "கடலோர வேலி மற்றும் வாயில்கள் வாரியம், இராமநாதபுரம்" என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த வாரியம் நல்ல எண்ணத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோப்புக்குள் ஆடு புகுந்து சவுக்குக் கன்றுகளைக் கடிக்கிறது என்று வேலி போட்டார்கள். வேலி போட்டால் ஜனங்கள் போக வழி வேண்டுமே என்று கதவு வைத்தார்கள். திறந்த கதவை ஜனங்கள் மூடுவதில்லை என்று தெரிந்ததும், ஜனங்களைத் திருத்துவதைவிடக் கதவைத் திருத்துவது சுலபம் என்று அதில் ஸ்பிரிங்கை மாட்டினார்கள். ஆடுகள் இப்போது வேலிக்கு அடியில் மணலைப் பறித்துக்கொண்டு உள்ளே போகின்றன. அதைக் கவனிக்க வாரியத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

கதவு மூன்று விநாடியில் மூடும். மனிதன் கடக்க இரண்டு விநாடி போதும். அந்தக் கணக்கில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குதிரை என்பது மூக்கிலிருந்து வால் வரைக்கும் எட்டடி நீளம் உள்ள பிராணி. அதன் தலை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பின்னங்கால்கள் தோப்பிலேயே நிற்கும். இதை வாரியத்தில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை.

மனுப் போட்டவர் இரத்தினசிங்கம்.

அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. தொண்ணூறாம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்தவர், அன்றிலிருந்து பதிந்த இடத்திலேயே இருக்கிறார். முகாம் ஆண்கள் எல்லோரையும் போலப் பெயிண்ட் அடிக்கப் போனார். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடக்க முடியும், ஏற முடியாது. அந்த நேரத்தில்தான் ஏர்வாடி இர்பான், தன் மாமா வீட்டில் ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை சும்மா நிற்கிறது என்று சொன்னான். இர்பான் கடற்கரையில் மாங்காய்க் கீற்று விற்பவன். மோட்டார் சைக்கிள் வாங்கினால் ஆர்சி புத்தகம் யார் பேரில் என்று அகதியைக் கேட்பார்கள். குதிரைக்கு அப்படியொரு புத்தகம் கிடையாது. இப்படித்தான் செவ்வந்தி முகாமுக்கு வந்தாள்.

ஆறு வருஷமாக அவள்தான் வீட்டைச் சுமந்தாள். காலை ஆறு மணிக்கு, இரத்தினசிங்கம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டித் திட்டில் ஏறி நின்று குதிரையின் மேல் உட்காருவார். இறங்குவது கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தின் மேல். இடையில் எங்கும் இறங்கினால் மறுபடி ஏற அவருடைய இடுப்பு ஒத்துக்கொள்ளாது. பகல் முழுக்க வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடப்பார். வேலி நாலு கிலோமீட்டருக்கு ஓடுகிறது. குதிரை போகிற அகலத்தில் வழி இந்தக் கதவு ஒன்றுதான்.

கதவு வந்த ஒன்பதாம் நாள் அது நடந்தது. குதிரை மேல் இருந்தபடியே குனிந்து தாழை நீக்கி, காலால் கதவைத் தள்ளினார். செவ்வந்தி உள்ளே நுழைந்தாள். தலை போயிற்று, முன்னங்கால் போயிற்று, அவரும் போனார். பின்னால் டங் என்று ஒரு சத்தம். செவ்வந்தி ஒரு துள்ளுத் துள்ளி நின்றாள். வலது பின்னங்காலைக் கீழே வைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒரு வெடிப்பு என்றார். "ரெண்டு மாசம் நிக்க வைங்க. தப்பிச்சிருச்சு. இன்னொரு அடி அதே எடத்துல பட்டுச்சுன்னா அப்பறம் குதிரை இல்லை, பாத்துக்கங்க."

இரத்தினசிங்கம் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கதவைத் திறந்தால் அது திறந்தபடி நிற்க, வேலிக் கம்பத்தில் ஒரு கொக்கி. குதிரை போன பிறகு அவரே குனிந்து கொக்கியை எடுத்துவிடுவார். விரல் அளவு இரும்பு. அதைத் தரும்படி வாரியத்துக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தார்.

மனு எழுத அவருக்கு யார் உதவியும் வேண்டியதில்லை. இலங்கையில் பள்ளி முடிக்கும் ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு 'டி' எடுத்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிகாரிகள் நேரம் இல்லாதவர்கள், நீட்டி எழுதினால் படிக்க மாட்டார்கள் என்று முப்பத்தைந்து வருஷ அனுபவம் சொன்னது. அதனால் நடந்ததை ஒரே வரியில் எழுதினார்:

"தங்கள் படலை என் குதிரை காலை உடைத்தது. ஆகவே ஒரு கொக்கி தந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

விதி இந்த ஒரே வரியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இராமநாதபுரத்தில் வாரிய அலுவலகத்தின் வாசலிலும் தானே மூடும் கதவு உண்டு. இரத்தினசிங்கம் உள்ளே போய் மனுவை நீட்ட, பிரிவு எழுத்தர் ஜெயசுதா அதை வாங்கி, தேதி முத்திரையைக் குத்திவிட்டுப் பிறகு படித்தார். அங்கே அதுதான் வரிசை. படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, இங்கன வாங்க. என்னண்ணே இப்படி எழுதியிருக்கீக? ஒங்க குதிரை எங்க படலை ஒடைச்சிருச்சுன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீக. அதுக்குக் கொக்கி வேற கேக்குறீக."

"இல்லைப் பிள்ளை, படலைதான் குதிரையை..."

"அதான் நானும் சொல்றேன். படலைத்தான் குதிரை."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, அந்த நேரத்தில் உதவி இயக்குநர் ராம்குமார் அறையிலிருந்து வெளியே வந்தார். ராம்குமார் தமிழில் முதுகலை. பேராசிரியர் ஆகவேண்டியவர், தேர்வு எழுதி வாயில்களுக்கு வந்துவிட்டார். ஆனாலும் தமிழைக் கைவிடவில்லை. வாரியத்தின் பலகைகளில் ஒரு பிழை காண முடியாது என்பதில் அவருக்குப் பெருமை. கதவுகளைப் பற்றி அவருக்கு அப்படிப் பெருமை எதுவும் இல்லை.

மனுவை வாங்கி வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் தடவை மெதுவாகப் படித்தார்.

"வாக்கியம் தெளிவாத்தான இருக்கு. படல்னா என்ன? ஆட்டுக் கிடைக்கு ஓலையில முடைஞ்சு நிறுத்துறது. 'படலை'ன்னு ஐ வந்திருச்சு, ரெண்டாம் வேற்றுமை. அது செயப்படுபொருள். அப்ப ஒடைச்சது யாரு? குதிரை. அது எழுவாய். எப்ப ஒடைச்சது? காலை. நேரம் கூடப் போட்டிருக்கீங்க. நல்ல நேர்மையான மனு."

"சேர், எங்கட ஊரில படலை எண்டா கேற்று. வேலியில வைக்கிற கதவு. அந்தக் கதவுதான் சேர் அடிச்சது."

"ஒங்க ஊர்ல சொல்றதை ஒங்க ஊர் வாரியத்துல எழுதணும். சரி, அதைக்கூட வட்டார வழக்குன்னு விட்ரலாம். ஒடைச்சது குதிரை காலையிலங்கிறதை எப்படி விடுறது?"

"காலை எண்டது விடிய இல்லை சேர். குதிரையின்ர காலை. பின்னங்காலை."

ராம்குமார் மனுவைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்ப க் எங்க?"

"எந்தக் க் சேர்?"

"குதிரைக்கும் காலைக்கும் நடுவுல. குதிரையோட கால்னா அது ஆறாம் வேற்றுமைத் தொகை, அஃறிணை. ஒற்று மிகும். 'குதிரைக் காலை'ன்னு வரணும். எழுவாய்த் தொடர்லதான் ஒற்று மிகாது. நீங்க ஒற்றுப் போடலை. அப்ப குதிரை எழுவாய். எழுவாய்தான் செய்ததுக்குப் பொறுப்பு. இது நான் சொல்றது இல்லை, இலக்கணம் சொல்றது."

இரத்தினசிங்கம் தாளைப் பார்த்தார். குதிரைக்கும் காலைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளை இடம் இருந்தது.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஓ.எல். சேர். தமிழுக்கு டி."

"டி-யா?" ராம்குமார் ஜெயசுதாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அதான்."

அந்த ஊரில் டி என்றால் விசேட சித்தி, அதாவது சிறப்புத் தேர்ச்சி, அதற்கு மேலே தரமே கிடையாது என்று இரத்தினசிங்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு எழுத்துத்தானே, போட்டுவிட்டால் முடிந்தது.

"தொடாதீங்க!" என்று ராம்குமார் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "முத்திரை விழுந்தாச்சு. இது இப்ப அரசு ஆவணம். இதுல நீங்க ஒரு எழுத்தைக் கூட்டினா அது பிழைதிருத்தம் இல்லை, போர்ஜரி."

"அப்ப வேற மனு எழுதித் தரட்டே சேர்?"

"ஒரு சம்பவத்துக்கு ஒரு மனுதாங்க. ரெண்டு மனு இருந்தா எது உண்மைன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது தனக்குக் கோபம் வரப்போகிறது என்று இரத்தினசிங்கம் எதிர்பார்த்தார். வரவில்லை. முன்பெல்லாம் வரும். வரிசையில் நின்று நின்று, கால் மரத்துப் போவது போல அதுவும் எங்கேயோ மரத்துப் போயிருந்தது. பேருந்து வந்தது, ஏறினார்.

இரண்டாம் தடவை மருத்துவரின் சான்றிதழோடு போனார். ஒடிந்தது கால்தான் என்று அதில் முத்திரையோடு இருந்தது. ராம்குமார் அதை மரியாதையாகப் படித்துவிட்டு, வாரியத்தின் கையேட்டை எடுத்துப் பிரித்தார்.

"கால் அடிபட்டதை நாங்க மறுக்கவே இல்லை. ஆனா கதவு தப்பு செஞ்சதான்னு பாக்கணும்ல. ஒரு முறைக்கு ஒரு பயனாளி. பயனாளின்னா யாரு? பதினொண்ணாம் பக்கம். 'இரண்டு கால்களில் கடப்பவர்.' ஒங்க குதிரைக்கு எத்தனை காலு?"

"நாலு சேர்."

"அப்ப அது எத்தனை பயனாளி?"

கணக்கு இரத்தினசிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு," என்றார் ராம்குமார், கரும்பலகை முன் நிற்பவர் போல. "முன்னங்கால் ரெண்டும் முதல் பயனாளி. அவரு கடந்துட்டாரு. கதவு மூடணும். பின்னங்கால் ரெண்டும் அடுத்த பயனாளி. அவரு வெளியில காத்திருந்து, கதவு மூடினப்பறம் தொறந்து வரணும். ஒங்க அடுத்த பயனாளி வரிசையைத் தாண்டி வந்திருக்காரு. கதவு விதிப்படி நடந்திருக்கு. இதுவரைக்கும் எங்க கதவு மேல ஒரு புகார் கிடையாது."

"இருக்கு சேர், என்ர மனு."

"அது குதிரை மேல புகார்."

இர்பானிடம் இதைச் சொன்னபோது அவன் மாங்காய் வெட்டுவதை நிறுத்திவிட்டான். "யா அல்லா! அண்ணே, நீங்க எதுக்கு அவுக கிட்டக் கெஞ்சிக்கிட்டு? நான் பாத்துக்கிறேன்" என்று நைலான் கயிற்றால் கதவை வேலியோடு சேர்த்துக் கட்டினான். கதவு ஒரு நாள் முழுக்கத் திறந்தபடி நின்றது. மறுநாள் வாரியத்தின் காவலர் வந்து படம் எடுத்து, கயிற்றை அவிழ்த்து, காகித உறையில் போட்டுக்கொண்டு போனார். தானே மூடும் கதவை மூடவிடாமல் தடுத்தல் என்று கோப்பில் இன்னொரு தாள் ஏறியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். இர்பானின் பேரைக் கேட்டார்கள். தானே கட்டியதாக இரத்தினசிங்கம் எழுதிக் கொடுத்தார். இந்த முறை எல்லா ஒற்றையும் போட்டு எழுதினார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. உடைந்ததாக மனுவில் சொல்லப்பட்ட படல் எங்கே? வாரியத்தின் சொத்துப் பதிவேட்டில் படலே இல்லை. இல்லாத படலைக் குதிரை உடைத்திருக்க முடியாது என்று சாதாரண மனிதர்கள் நினைப்பார்கள். உடைந்திருப்பதால் இருந்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் முடிவு. ஆகவே ஒரு படல் பின்தேதியிட்டுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. அன்றே உடைந்ததாகக் கழிக்கப்பட்டது. அதற்கு மாற்றாகத் திருப்புல்லாணியில் சொல்லிப் பச்சைத் தென்னோலையில் புதுப் படல் ஒன்று முடைந்து, கதவுக்குப் பக்கத்தில் சாத்தி, நீலப் பெயிண்டில் எண் எழுதினார்கள். இரண்டே நாளில் ஆடுகள் அதைத் தின்று தீர்த்தன. எண் எழுதிய மட்டை மட்டும் மிஞ்சியது. இரண்டாம் படலும் உடைந்ததற்குக் குதிரையே காரணம் என்று கருதலாமா என்று விளக்கம் கேட்டு முகாமுக்கு ஒரு கடிதம் வந்தது. செவ்வந்தி அப்போது காலில் கட்டோடு, முகாம் கூரையின் கீழ் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கடிதத்தின் அடியில் "நகல்: முகாம் அலுவலகம்" என்று ஒரு வரி இருந்தது. இரத்தினசிங்கத்தின் மனைவி ஞானாம்பிகை அதைப் படித்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்தாள். அரசாங்கச் சொத்தை உடைத்தவன் என்று பெயர் ஏறிவிட்டால், வெளியே போய்வரும் சீட்டில் என்ன கை வைப்பார்களோ என்ற பயம் அந்த முகாமில் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

எட்டாம் வாரம் ஜெயசுதா போனில் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் இருந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு நல்ல சேதி. சென்னையில இருந்து கமிட்டி வருது. எழுவாய் குதிரையா கதவான்னு நேர்ல பாத்தே முடிவு பண்ணப் போறாக. புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு. நீங்க குதிரையைக் கொண்டு வந்து அன்னைக்கி எப்படிப் போனீகளோ அப்படியே ஒருக்காப் போய்க் காமிச்சாப் போதும். கொக்கி விஷயத்தையும் அவுக கிட்டயே கேட்டுக்கலாம்."

"பிள்ளை, அதுக்கு இன்னும் கால் முழுசாச் சுகமில்லை."

"மெதுவாத்தானண்ணே போகப் போறீக. வரலைன்னு வைங்க, மனுவுல உள்ளபடியே முடிச்சிருவாக. குதிரை ஒடைச்சிருச்சுன்னு. நகலும் போயிரும். எனக்கு மனசு கேக்காமத்தான் சொல்றேன்."

அவர் மனசு கேட்காமல்தான் சொன்னார். அது பொய் இல்லை.

ஞானாம்பிகை கேட்டாள்: "இஞ்சாருங்கோ, டொக்டர் என்ன சொன்னவர்?"

"தெரியும்."

"பிறகேன் கொண்டு போறியள்?"

"ஒருக்காக் கண்ணால பார்த்திட்டாங்கள் எண்டா விளங்கும். அது எவ்வளவு கெதியாப் பூட்டுது எண்டு அவங்கள் ஒருநாளும் பார்க்கேல்லை. பார்த்தா ஒரு கொக்கி போடாமலே விடுவாங்கள்? இர்பானும் வாறான், கதவைப் பிடிச்சுக் கொண்டு நிப்பான்."

இதைச் சொல்லும்போது அவர் உண்மையிலேயே நம்பினார். அத்தனை வருஷ வரிசைக்குப் பிறகும் அவரிடம் எஞ்சியிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்: பார்த்தால் விளங்கும்.

புதன்கிழமை காலை தோப்புப் பாதையே அடையாளம் தெரியவில்லை. சாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், பிளாஸ்கில் தேநீர். கதவுக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட், கீல்களுக்கு எண்ணெய். கமிட்டி வருகிறது என்றால் கதவு நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? தொழில்நுட்பப் பிரிவு முந்தின நாள் வந்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புது ஸ்பிரிங்கை மாட்டியிருந்தது. அது யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்தது இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் புதுப் பாய் விரிப்பதில்லையா, அப்படித்தான்.

கமிட்டித் தலைவர் இணை இயக்குநர். கையில் நேரம் அளக்கும் கருவி வைத்திருந்தார். தேநீர் குடித்துவிட்டு எழுந்து, குதிரையையும் சேர்த்து எல்லோரையும் பார்த்துப் பேசினார்:

"கதவைப் பத்தி மக்கள்கிட்ட ஒரு தப்பான எண்ணம் இருக்குது. கதவுன்னா தொறக்கிறதுன்னு நெனைக்கிறாங்க. தொறக்கணும்னா எதுக்கு கதவு? சும்மா விட்டாலே தொறந்துதானே இருக்கும்? கதவோட வேலை மூடுறது. தொறக்கிறது பொதுமக்களோட பங்களிப்பு. எங்க பங்கை நாங்க இருபத்தி நாலு மணி நேரமும் செய்யுறோம், பொதுமக்கள் அவங்க பங்கைச் சரியாச் செஞ்சா பிரச்சினையே வராது. இன்னிக்கு ஒரு குதிரைக்காக நாங்க மூணு அதிகாரிங்க வந்திருக்கோம். எந்த நாட்டுல இப்படி நடக்கும்? இலங்கையில நடக்குமா? நீங்களே சொல்லுங்க."

இரத்தினசிங்கம் செவ்வந்தியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கைதட்டினார்கள். இடுப்புக் கெட்டவர் குதிரையில் ஏற நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். ஏறினார்.

இர்பான் போய்க் கதவுப் பக்கம் நின்றான். ராம்குமார் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"தம்பி, நீங்க தள்ளி நில்லுங்க. மனுவுல நீங்க இல்லை."

"சார், நான் சும்மா கதவைப் புடிச்சுக்கிட்டு..."

"அன்னைக்கி யாரும் புடிக்கலைல? அன்னைக்கி நடந்தபடியே நடந்தாத்தான் சாட்சி. இல்லாட்டி இது வெறும் குதிரை சவாரியாப் போயிரும்."

"அண்ணே, எறங்கிருங்க," என்றான் இர்பான். "வேணாம்ணே. எறங்குங்க."

இரத்தினசிங்கம் சாமியானாவைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. பேனாவும் தாளும் தயாராக இருந்தன. இறங்கினால் என்ன எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூன்று விநாடி, கொஞ்சம் விரட்டிக் கடந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தார். ஸ்பிரிங் மாறியது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

குனிந்து தாழை நீக்கி, காலால் தள்ளினார். குதிகாலால் அவளைத் தட்டி, "போ பிள்ளை" என்றார்.

செவ்வந்தி போனாள். தலை போயிற்று, முன்னங்கால் போயிற்று. இந்த முறை டங் என்ற சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. விறகு முறிகிற சத்தம். அவள் துள்ளவில்லை. பின்பக்கமாக அப்படியே உட்கார்ந்தாள், குதிரைகள் அப்படி உட்காருவதில்லை. இரத்தினசிங்கம் மணலில் சரிந்து விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணு புள்ளி நாலு விநாடி," என்றார் இணை இயக்குநர் கருவியைப் பார்த்து. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் கைதட்டத் தொடங்கி, குதிரை கத்தியதும் நிறுத்திக்கொண்டார்.

இர்பான் ஓடிப்போய்க் குதிரையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னவோ ஓதிக்கொண்டே அழுதான். ஜெயசுதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். ராம்குமாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். கோப்பிலிருந்து அந்த மனுவை எடுத்து, நாற்காலியின் கையில் வைத்து, பச்சை மைப் பேனாவைத் திறந்து, குதிரைக்கும் காலைக்கும் நடுவில் ஒரு 'க்' போட்டார். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். தேதி போட்டார். முத்திரை குத்தினார். இணை இயக்குநரும் மேலொப்பம் இட்டார்.

கால்நடை மருத்துவர் எட்டு மணிக்கு வந்தார். காலைப் பார்த்தார், இரத்தினசிங்கத்தைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். இரத்தினசிங்கம் கழுத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தார். அவள் மூச்சு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. மணலில் இருந்த காதுப்பூச்சி ஒன்று அவர் கை மேல் ஏறிப் போயிற்று. அவருக்கு அழுகை வரும் என்று நினைத்து இர்பான் காத்திருந்தான். அது வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவரும் படுத்திருந்தார்.

சாமியானாவைப் பிரிக்கும்போது ராம்குமார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா ஒங்க மனுவுல இப்ப ஒரு பிழையும் இல்லை. கதவுதான் எழுவாய்னு கமிட்டி ஏத்துக்கிருச்சு. படலைங்கிறது வட்டார வழக்குன்னு அடிக்குறிப்புப் போட்டிருக்கோம். அந்தப் பழைய புகார், நகல், எல்லாம் ரத்து. ஒங்க பேர்ல எதுவும் இல்லை. இங்கன ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. திருத்தத்தைப் படித்து அறிந்துகொண்டேன்னு."

இரத்தினசிங்கம் எழுந்து கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாக வந்தது.

"சேர், கொக்கி?"

ராம்குமார் கோப்பைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார்.

முகாமுக்கு அவர் நடந்தே திரும்பினார். வாசலில் ஞானாம்பிகை நின்றாள். இர்பான் முன்னாலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் அழுது முடித்திருந்தாள். அவர் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"என்ன சொல்லுறாங்கள்?"

"வசனம் சரியாம்."

"கொக்கி?"

"அதுக்கு வேற மனுவாம்."

விடிகாலையில் அறுத்து வைத்த புல்லுக்கட்டு சுவரோரம் கிடந்தது. ஞானாம்பிகை அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், அடுத்த வரிசை வீட்டு ஆடுகளுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.